பிஎச்.டி., கேன்சர்

மாப்பிள்ளையின் அம்மா பொன்னுத்தங்கம் விருதுநகரிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கியதும், என் கல்யாணம் நின்றுபோனதாக எங்கள் வீட்டில் முடிவே கட்டிவிட்டார்கள்.

காரணம், பத்திரிகை.

பெயருக்குக் கீழே படிப்பு இல்லையென்றால் எங்கள் பக்கம் அது பத்திரிகையே இல்லை. மாப்பிள்ளைக்கு 'பி.இ., சிவில்'. எனக்கு 'பிஎச்.டி., கேன்சர்'.

நான் எழுதிக்கொடுத்தது 'கேன்சர் ஆராய்ச்சி'. பயாலஜியில் தொடங்கி எட்டு வருடம் முட்டி மோதி வந்து சேர்ந்த இடம், விடுவேனா? ஆனால் சிவகாசியில் பாதி ஊருக்குப் பத்திரிகை அடித்துக்கொடுக்கும் அப்பாவுக்கு, ஒரு சொல் அடுத்த வரிக்கு இறங்கினால் டிசைன் கெட்டுவிடும். இறங்கிய சொல்லை வெட்டிவிட்டார்.

பத்திரிகை போன மறுநாளே ஆள் வர ஆரம்பித்தது.

நாரணாபுரம் பெரியப்பா சாத்துக்குடியோடு வந்தார். பிஎச்.டி. என்பது எம்.ஆர்.ஐ. மாதிரி ஒரு டெஸ்ட் என்று நினைத்திருக்கிறார்.

எத்தனாவது ஸ்டேஜ் என்று ஒரு சித்தி கேட்டாள். படிப்பைத்தான் கேட்கிறாள் என்று அம்மா, கடைசி ஸ்டேஜ், மார்ச்சோடு முடிந்துவிடும் என்று பெருமையாகச் சொன்னாள்.

விளக்கம் சொல்லச் சொல்ல, மூடி மறைக்கிறார்கள் என்றார்கள்.

இப்போது பொன்னுத்தங்கம் அத்தை. தண்ணீர்கூட வாங்கவில்லை. என்னை அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பயப்படாத தாயி. எனக்கும் இருந்துச்சு. ஒம்போது வருசமாச்சு, குத்துக்கல்லாட்டம் இருக்கேன்ல? முடி கொட்டுனப்ப, திருச்செந்தூருக்கு மொட்டை போட்டேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டேன். ஹாஸ்டல்ல இருந்த என் மகனுக்கே தெரியாது."

எனக்கு நோய் இல்லை, அதைப் பற்றிப் படிக்கிறேன், அவ்வளவுதான் என்றேன்.

அத்தை என் கையை விட்டுவிட்டார். பிறகு, ஒன்பது வருடம் கட்டிக்காத்ததை இப்படி உளறிக் கொட்டிவிட்டேனே என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை.

வெளியே அம்மா அதை அழுகை என்று எடுத்துக்கொண்டு, அழவே ஆரம்பித்துவிட்டாள்.

கடைசியாக எப்போது செக்கப்புக்குப் போனீர்கள் என்று கேட்டேன்.

அவருடைய சிரிப்பு நின்றது. விஷயம் தெரிந்த ஒரே ஆள் அவர் கணவர். அவர் இறந்து நான்கு வருடமாகிறது. அதற்குப் பிறகு, துணைக்கு யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் போகவே இல்லையாம்.

எனக்குக் கோபம் வந்தது. திங்கட்கிழமை நானே கூட்டிப்போகிறேன் என்றேன்.

கதவைத் திறந்தபோது அப்பா கைகூப்பி நின்றார். கல்யாணத்துக்கு ஒரு குறையும் இல்லை என்றார் அத்தை. திருச்செந்தூரில் ஒரு நேர்த்திக்கடன் பாக்கி இருக்கிறது, திங்கட்கிழமை மருமகளையும் அழைத்துக்கொண்டு போகப்போகிறேன் என்றும் சொன்னார்.

அம்மா அவசரமாக என் ஜடையைப் பிடித்துக்கொண்டாள்.

"போயிட்டு வாங்க மதினி. மொட்டை மட்டும் கல்யாணத்துக்குப் பெறகு வச்சுக்கிருவோம்."