எங்கிருந்து கிளம்புகிறது?

"கூத்தைப் பாத்தீங்களா டீச்சர்? அம்பது வயசுக்கு மேல இருக்கும். குழந்தைங்க உக்காந்திருக்கிற இடம்!"

ரிட்டயர்டு மேனேஜர் காதோடு காதாகச் சொன்னார்.

சயின்ஸ் டீச்சர் வீட்டு மொட்டை மாடி. இன்றைக்கு விண்கல் மழை என்று அக்கம்பக்கத்தில் எட்டுப் பேரைக் கூட்டியிருந்தார். அவர்களில் ஒருவரும் இதற்கு முன் பார்த்ததில்லை.

அன்று மாலைதான் கீழ்வீட்டுக்குக் குடிவந்த தம்பதி, விளக்கெல்லாம் அணைத்த பிறகு மாடிக்கு வந்தார்கள். தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தபடி பாயில் உட்கார்ந்தார்கள். கணவரின் கை மனைவியின் மடியில். அவள் அவர் உள்ளங்கையைத் தடவுவதும், அவர் சிரிப்பதும்...

"அவங்களை விடுங்க சார். மேல பாருங்க" என்ற டீச்சர், குரலை உயர்த்தினார். "எல்லாரும் கேளுங்க! இதெல்லாம் கண்டபடி ஓடுற மாதிரி இருக்கும். ஆனா பின்னாடியே கோடு இழுத்துப் பாத்தா, எல்லாம் ஒரே இடத்துல போய்ச் சேரும். அது எந்த இடம்? கண்டுபிடிங்க பாப்போம்!"

"அதோ!"

"ஐயோ, இங்க ஒண்ணு!"

மேனேஜர் பைனாகுலரைத் திருப்புவதற்குள் ஒவ்வொன்றும் மறைந்துபோனது.

மூன்று மணிக்கு டீச்சர் விடை கேட்டார்.

"நேர் உச்சி. சந்தேகமே வேண்டாம்" என்றார் மேனேஜர்.

"இல்ல சார்."

"செல்போன் டவர் பக்கமா ஆன்ட்டி?"

"ம்ஹூம்."

"நான் சொல்லலாங்களா?" கீழ்வீட்டுக்காரரின் குரல். "தொட்டிக்கு வலது பக்கம், வானத்துல பாதி உயரத்துல. எல்லாம் அங்கேருந்துதான் பிரிஞ்சு போகுது."

டீச்சர் துள்ளிவிட்டார். "அதேதான்! முதல் ராத்திரியிலேயே இதை யாரும் சொன்னதில்ல சார்!"

மாடியே கை தட்டியது.

மேனேஜருக்குப் பொறுக்கவில்லை. "சும்மா குருட்டாம்போக்குல அடிச்சு விட்டிருக்கார் டீச்சர்! நான்தான் கவனிச்சுக்கிட்டே இருந்தேனே, மனுஷன் ஒரு தடவைகூட அண்ணாந்து பாக்கல!"

கீழ்வீட்டு அம்மாள் கோபப்படவில்லை. பெருமை பொங்கச் சிரித்தாள்.

"பிறந்ததிலேருந்தே அவருக்குப் பார்வை கிடையாது சார். தொட்டி எங்கேன்னு அவர் உள்ளங்கையில குறிச்சு, விழுந்தது ஒவ்வொண்ணையும் நான்தான் கோடு போட்டுக் காட்டினேன். ரெண்டு கண்ணாலயும் பாத்த எனக்குத் தெரியல, அவர் கண்டுபிடிச்சிட்டார் பாருங்க!"