பிடிபட்டவன்

“இவன்தான் சிஸ்டர் கள்ளன்! கையும் களவுமா பிடிச்சாச்சு.”

அவசரப் பிரிவு வாசலில் ஆட்டோ நின்றதும், முகமெல்லாம் ரத்தமாக ஒருவனை இரண்டு பேர் தாங்கி இறக்கினார்கள். அவர்களுக்கு முன்னால் ஓடிவந்தவன் மூச்சிரைக்கச் சொன்னதைக் கேட்டு நர்ஸ் அஜிதா நிமிர்ந்தாள்.

“என்ன களவு?”

“கார்ச் சாமான் சிஸ்டர். பழவங்காடியில நிறுத்தியிருந்த வண்டியில சைடு மிரரைக் கழட்டுதான். நான்தான் முதல்ல கண்டது. சத்தம் போட்டேன், சனம் கூடிச் சாத்திட்டாங்க.” நாகர்கோவில் பக்கத்துத் தமிழ். பேர் தாசையன் என்றான். “போலீசு வாற வரைக்கும் நீயே கூட இருன்னு என்னையும் ஆட்டோவுல ஏத்தி விட்டுட்டாங்க.”

அடிபட்டவனைக் கட்டிலில் கிடத்திவிட்டு மற்ற இருவரும் கிளம்பிப் போனார்கள். தாசையன் மூலையிலிருந்த குழாயடியில் சோப்பைக் குழைத்துக் குழைத்து, விரலிடுக்கில் அப்பியிருந்த கறுப்புப் பிசுக்கைத் தேய்த்துக் கழுவினான்.

டாக்டர் ஹரிநாராயணன் வந்து பார்த்தார். “தாடை உடைஞ்சிருக்கு. பேச விடாதீங்க. வலிக்கு ஊசி போட்டுட்டு, காயத்தைக் கழுவி வைங்க அஜிதா. எக்ஸ்ரே எடுத்துடலாம்.” நெஞ்சுவலி என்று யாரையோ கொண்டுவர, அந்தப் பக்கம் ஓடினார்.

அஜிதா சிரிஞ்சில் மருந்தை ஏற்றினாள். கட்டிலில் கிடந்தவனை ஒருமுறை பார்த்தாள். பிறகு ஊசியைத் தட்டிலேயே வைத்துவிட்டாள்.

சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் அவள் வீடு. கார் நிறுத்த இடமில்லாததால் வண்டி தெருவில்தான் நிற்கும். முதலில் ஒரு பக்கத்துக் கண்ணாடி போனது. பிறகு வீல் கப். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள்.

அயர்லாந்து வேலைக்குக் கொச்சியில் நேர்முகத் தேர்வு என்று கிளம்பிய காலையில் சாவியைத் திருப்பினால் வண்டியில் சத்தமே இல்லை. பானெட்டைத் திறந்தால் பேட்டரி இருந்த இடம் காலி. தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி, பஸ் பிடித்து, அவள் போய்ச் சேர்ந்தபோது அந்த ஆபீஸ் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள்.

எத்தனை வருஷப் படிப்பு, எத்தனை வருஷக் கனவு! புகார் கொடுக்கப் போன இடத்தில் ‘பேட்டரிதானே போச்சு’ என்று சிரித்தார்கள். அன்றிலிருந்து அந்தத் திருடன் கையில் சிக்கினால் என்ன செய்வது என்பதை மனசுக்குள் விதவிதமாகச் செய்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஞ்சை ஸ்பிரிட்டில் முக்கி, பிளந்திருந்த புருவத்தின் மேல் வைத்து அழுத்தினாள். அவன் துடித்தான். “அ... அவ...” என்று ஏதோ சொல்ல வந்தான்.

“வாயை மூடு. டாக்டர் பேசக்கூடாதுன்னு சொன்னது கேக்கலியா?” இன்னொரு பஞ்சை எடுத்தாள். குனிந்து அவன் காதருகில் சொன்னாள். “வலிக்குதா? வலிக்கட்டும். எனக்குப் போனது வெறும் பேட்டரியா லே?”

“விடாதீங்க சிஸ்டர்” என்றான் தாசையன் பின்னாலிருந்து. “இவனுகளுக்கு இது போதாது.”

தன் எரிச்சலைப் புரிந்துகொள்ள ஒரு மனுஷன் இருக்கிறானே என்று அஜிதா அவன் பக்கம் திரும்பினாள். எல்லாவற்றையும் அவனிடம் கொட்டினாள். “இப்பவும் பாருங்கண்ணே, வெளியில வாகை மரத்தடியில நிக்கிற வெள்ளைக் காரு என்னுதுதான். டூட்டி முடியுற வரைக்கும் மனசு அங்கேதான் கெடக்கும்.”

“அய்யோ பாவம்! நான் ஒரு சாயா குடிச்சிட்டு வந்திருதேன். போற வழியில உங்க வண்டியையும் பாத்துக்கிடுதேன்.”

“நீங்க நல்லா இருக்கணும்.”

தாசையன் கதவைத் தாண்டியதுதான் தாமதம், கட்டிலில் கிடந்தவன் விருட்டென்று எழுந்தான். வாசலை நோக்கிக் கையை நீட்டி, உடைந்த தாடையோடு ஊளையிடுவதுபோல் ஒரு சத்தம் எழுப்பினான்.

“ஓடவா பாக்கே?” அஜிதா அவன் மார்பில் கைவைத்துத் தள்ளிச் சாய்த்தாள். பேண்டேஜ் துணியை எடுத்து, இரண்டு மணிக்கட்டையும் கட்டில் கம்பியோடு சேர்த்து இறுக்கினாள். அழுக்கில்லாத விரல்கள். ஒட்ட வெட்டிய நகங்கள். திருட்டுப் பயலுக்குச் சுத்தம் ஒரு கேடா என்று, இன்னும் ஒரு முடிச்சு சேர்த்துப் போட்டாள்.

அவன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. முகத்தைத் திருப்பி வாசலையே பார்த்தபடி கிடந்தான். அஜிதாவுக்கு எத்தனையோ நாளாக எரிந்துகொண்டிருந்த நெஞ்சு குளிர்ந்தது. தட்டில் ஊசி அப்படியே இருந்தது.

சற்று நேரத்தில் வியர்க்க விறுவிறுக்க ஒரு போலீஸ்காரர் உள்ளே வந்தார். சட்டையில் மகேஷ்குமார் என்று பெயர். “பழவங்காடி கேஸ் இங்கேதானே? எதிர்த்த கடையில கேமராவைப் பாத்துட்டு நேரா வாறேன்.”

“இதோ இருக்கான் சார்” என்று பெருமையாகக் கட்டிலைக் காட்டினாள் அஜிதா. “ஓடப் பாத்தான். நான் விடல்ல.”

மகேஷ்குமார் கட்டிலைப் பார்த்தார். இறுகியிருந்த முடிச்சுகளைப் பார்த்தார். அறையில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று சுற்றுமுற்றும் தேடினார்.

“கள்ளனைப் பிடிச்ச ஆளை எதுக்கு சிஸ்டர் கட்டிப் போட்டிருக்கீங்க?”