உரிமையாளர் 1047

ஆய்வகத்தின் பொதுக் கணினியில் மாதங்கி கணக்குகள் போடும் நோட்புக் கோப்பு சேமிக்க மறுத்தது. எத்தனை முறை அழுத்தினாலும் ‘அனுமதி இல்லை’ என்ற சிவப்பு வரிதான் வந்தது. அவளுடைய மூன்று வருடக் கணக்குகள் சீனியர் ஜெபராஜின் ஃபோல்டருக்குள் இருந்தன. இடம் போதாதவர்கள் சீனியரின் ஃபோல்டரில் ஒண்டிக்கொள்வது அங்கே வழக்கம். அவர் வேலையை விட்டுப் போனதும் பெயரை நீக்கிவிட்டார்கள்; அவர் மற்றவர்களுக்குக் கொடுத்திருந்த அனுமதியும் அதோடு போய்விட்டது. உரிமையாளர் என்ற இடத்தில் கணினி அவருக்குக் கொடுத்திருந்த எண் மட்டும் மிஞ்சியது: 1047.

“ஃபோல்டரை எம்பேருக்கு மாத்திடுங்க சார். திங்கக்கிழமை தீசிஸ் கொடுக்கணும்.”

“அதுக்கு உரிமையாளர் கையெழுத்து வேணும்மா. அவர் இப்ப எங்க இருக்காரோ,” என்றார் கணினிப் பொறுப்பாளர் இசக்கியப்பன். கொஞ்சம் யோசித்தார். “ஆனா உங்க நம்பரை மாத்த யார் கையெழுத்தும் வேண்டாம்.” அவளுடைய 1062ஐ அழித்துவிட்டு 1047 என்று அடித்தார்.

நோட்புக் சேமித்துக்கொண்டது. எழுதி முடித்த அத்தியாயங்களை எடுக்க மாதங்கி தன் சொந்த ஃபோல்டருக்குப் போனாள்.

அனுமதி இல்லை. உரிமையாளர்: 1062.

“சார், பழைய நம்பரையே கொடுத்துடுங்க.”

“ஒரு ஆளுக்கு ஒரு தடவைதாம்மா மாத்தலாம்.” இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார். “ஃபோல்டரை வேணா உங்க பேருக்கு மாத்தித் தரேன். 1062 கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வந்துடுங்க.”

“நான்தான் சார் 1062.”

“நீங்க 1047ம்மா,” என்றார் அவர், உண்மையான வருத்தத்தோடு. “அவங்க இப்ப எங்க இருக்காங்களோ.”