அப்பா கொடுத்த பாதி

“இந்தக் கிட்னியை இவங்க உடம்பு முன்னாடியே பார்த்திருக்கு,” என்றார் டாக்டர்.

எனக்குச் சிரிப்பு வந்தது. தையல் இழுத்ததால் பாதியில் நிறுத்திக்கொண்டேன். போன வாரம்வரை என் விலாவுக்கு அடியில் இருந்த சாமான் அது. நானே பார்த்ததில்லை.

சித்தி கண்மூடிப் படுத்திருந்தாள். நேற்றுவரை நிரம்பிக்கொண்டிருந்த சிறுநீர்ப் பை இன்று அடிகூட நனையாமல் தொங்கியது. கட்டிலின் அந்தப் பக்கம் அப்பா.

நான் வண்டி மெக்கானிக். ஒரிஜினல் பார்ட் கிடைக்காவிட்டால் வேறு கம்பெனி பார்ட்டைப் போட்டு ஓட்டுகிற ஆள். என்னைப் பெற்றவள் நான் நடக்கப் பழகும் முன்பே போய்விட்டாள். அப்புறம் வந்தவள் சித்தி. அப்பாவுக்குச் சர்க்கரை இருந்ததால் கிட்னி கொடுக்க நான் முன்வந்தேன்.

“தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேற. இவ உன்னைப் பெத்தவகூட இல்லையேடா,” என்று அத்தை தடுத்தாள். எல்லாச் சோதனையும் சரியாக இருக்கிறது என்று டாக்டரே சொன்ன பிறகு வாயாவது, வயிறாவது.

இப்போது அதே டாக்டர்தான் பேசிக்கொண்டிருந்தார்.

“புதுசுன்னா உடம்பு சண்டைக்கு வர நாளாகும். பழைய பகைன்னாதான் இவ்வளவு வேகம். இத்தனை வருஷமா அடங்கிக் கிடந்ததால டெஸ்ட்ல மாட்டல. இப்ப கிளம்பிடுச்சு. ரத்தத்தைச் சுத்தம் பண்ணிப் பார்க்கிறோம். கிட்னி நிக்குமான்னு சொல்ல முடியாது.”

இருந்ததே இரண்டு. கழற்றிக் கொடுக்க இன்னொன்று இல்லை.

“எப்பவாவது ரத்தம் ஏத்தினாங்களா? குழந்தை உண்டாகியிருக்கா? அந்த வழியாத்தான் அடுத்தவங்க அடையாளம் ஒரு உடம்புக்குத் தெரியவரும்.”

“இல்லைங்க,” என்றார் அப்பா. ஆபரேஷனுக்கு முன்பு இதே கேள்விக்கு அவர்தான் இதே பதிலைச் சொன்னார். சித்தி அன்றும் வாய் திறக்கவில்லை.

நான் உதவிக்கு வந்தேன். “சித்தி ஆஸ்பத்திரிக்குப் போனதே ஒரு தடவைதான் டாக்டர். நான் மூணாவது படிக்கிறப்ப, வயித்துவலின்னு போயிட்டு வந்து ரெண்டு நாள் படுத்திருந்தாங்க. அப்பா வெளியூர்ல இருந்தாரு. நான்தான் வெந்நீர் வச்சுக் குடுத்தேன்.”

அதை எப்போதுமே பெருமையாகத்தான் சொல்வேன்.

டாக்டர் அப்பாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“உங்க கிட்னியில பாதி அடையாளம் உங்களைப் பெத்த அம்மா குடுத்தது. மீதி அப்பா குடுத்தது. இவங்க உடம்பு அம்மா பாதியைத் தொடவே இல்ல. அப்பா பாதியை மட்டும்தான் தாக்குது.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. இத்தனை வருஷம் கூடவே இருந்த மனிதருக்கும் அது அப்போதுதான் தெரிந்தது.

சித்தி கண்ணைத் திறந்தாள். அப்பாவிடம்தான் சொன்னாள்.

“ஊரு என்னை மாத்தாந்தாய்னு சும்மாத்தான் சொல்லிட்டு இருந்தது. சொந்தமா ஒண்ணு வந்துட்டா, நிஜமாவே அப்படி ஆயிடுவேனோன்னு பயந்துதான் அன்னைக்கு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.”

ரத்தம் சுத்தம் செய்கிற மிஷினைத் தள்ளிக்கொண்டு நர்ஸ் உள்ளே வந்தார்.

அன்றைக்கு வெந்நீரைத் தூக்கிப்போகும்போது கொஞ்சம் காலில் ஊற்றிக்கொண்டேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்த சித்தி எழுந்து வந்து, என் காலைப் பிடித்துக்கொண்டு ஒன்று கேட்டாள்.

இப்போது தையலைப் பிடித்தபடி நின்ற என் பக்கம் திரும்பி, அதையேதான் கேட்டாள்.

“வலிக்குதாடா?”