அழித்தால் முளைக்கும் வீடு

“டாரில், அந்த வீடு மறுபடியும் வந்துடுச்சு!”

கிர்ஸ்டி கணினித் திரையைக் காட்டினாள். ஓபல் கல் தோண்டும் அந்த ஊரின் டிஜிட்டல் வரைபடத்தைச் சரிசெய்ய, அடிலெய்டிலிருந்து வந்தவள். செயற்கைக்கோள் படத்தில் வெறும் பொட்டல். வரைபடத்தில் மட்டும் வீடு. பெயர், ‘லேனா’.

“இங்க பாதி ஜனம் பூமிக்கடியிலதானேம்மா குடியிருக்கு? கூரை எங்கேர்ந்து தெரியும்?” என்றார் அந்த ஊர் அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளும் டாரில்.

“பாதைகூடவா இருக்காது? இந்த மாதிரிப் பொய் வீடுங்க ஏகப்பட்டது. எல்லாத்தையும் அழிச்சிட்டேன். இது மட்டும் விடிஞ்சா வந்து நிக்குது.”

தேடல் பெட்டியில் ‘லேனா’ என்று அடித்தாள். இரண்டு இடங்கள் வந்தன. ஒன்று அந்த வீடு. இன்னொன்று கல்லறைத் தோட்டத்தில் ஒரு கல்லறை.

கிர்ஸ்டிக்கு ஆத்திரம் வந்தது. செத்தவ பேரைச் சொல்லி எவனோ நிலத்தை வளைக்கிறான்!

சாயங்காலம் தனியாகவே கிளம்பிவிட்டாள். ‘பின்பக்கமாக நடக்காதீர்கள்’ என்றது ஊர் எல்லைப் பலகை. இதென்ன கிறுக்குத்தனம் என்று சிரித்துக்கொண்டாள்.

“சேர வேண்டிய இடம் வந்துவிட்டது” என்றது போன்.

வெள்ளை மண்மேடுகள். ஈ, காக்கை இல்லை. வீட்டைப் போனிலேயே அழித்தாள். அத்தாட்சிக்குப் படம் எடுக்க, பொட்டல் முழுதும் அடங்கட்டும் என்று ஓரடி பின்னால் போனாள்.

“அசையாதே!”

மண்மேட்டின் பின்னாலிருந்து பாய்ந்து வந்த கிழவர் அவள் கையைப் பற்றி இழுத்தார். குதிகாலில் இடறிய கல் பின்னாலிருந்த பழைய ஓபல் குழிக்குள் போனது. விழுந்த சத்தமே கேட்கவில்லை.

“குழின்னு போட வேண்டியதுதானே! ஏன் வீடுன்னு போட்டீங்க?” என்று கத்தினாள் அவள்.

“போட்டேனே! எட்டிப் பார்க்கக் கூட்டமா வந்தாங்க. வீடுன்னு போட்டா அடுத்தவன் இடம்னு ஒதுங்கிப் போறான்.”

“லேனா...?”

“என் பெண்டாட்டி. அவளும் இப்படித்தான் படம் எடுத்தா.” கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “குழிக்கொரு வீடு போட்டிருந்தேன், எந்தப் பாவியோ எல்லாத்தையும் அழிச்சிட்டான். திரையில எழுத்து சரியாத் தெரியாத எனக்கு இது ஒண்ணைத்தான் திரும்பப் போட முடிஞ்சுது.”

கிர்ஸ்டி கையிலிருந்த போனைப் பார்த்தாள்.

அடுத்த மேட்டுக்கு அப்பால் சுற்றுலா பஸ் வந்து நின்றது. சிரிப்புச் சத்தம். யாரோ உற்சாகமாகச் சொல்வது கேட்டது:

“எல்லாரும் படத்துல வரணும்! இன்னும் கொஞ்சம் பின்னால போங்க...”

“அசையாதீங்க!” என்று அலறிக்கொண்டே ஓடினாள் கிர்ஸ்டி.