ஆள் இல்லாத நிறுத்தம்

மலையடிவாரத்து ஊரின் மைல்கல்லுக்கு இருந்த ஒரே சொந்தம் பேருந்துதான். யார் கை காட்டினாலும் நிற்கும், இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகும். ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு திரையைப் பொருத்தியதிலிருந்து, போனில் பதிவு செய்தவர்களுக்கு மட்டுமே நின்றது. அந்த ஊரில் டவர் கிடைக்காது.

அன்றைக்குக் காலையில் சடைச்சி, காய்ச்சலில் துவண்ட குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மைல்கல்லின் பக்கத்தில் நின்று கை காட்டினாள்.

"நில்லுப்பா தம்பி! பிள்ளைக்குக் கண்ணு சொருகுது!" என்று கத்தியது மைல்கல்.

"அங்க யாருமே இல்லண்ணே," என்றது வளைவில் திரும்பிக்கொண்டிருந்த பேருந்து. "திரையில காலியாத்தான் காட்டுது."

"கண்ணால பாருடா பாவி! எங்களுக்கு ஏதுடா டவர்?"

"ஏறுறதுக்கு ஆளே இல்லாத ஊருக்கு டவர் எதுக்குன்னு கேக்குறாங்கண்ணே. அடுத்த மாசத்துலேருந்து நானும் இந்தப் பக்கம் வரமாட்டேன்."

புழுதி அடங்கியது. சடைச்சி குனிந்து கல்லைப் பார்த்தாள். ஆஸ்பத்திரி இருக்கும் ஊருக்கு இருபத்திரண்டு கிலோமீட்டர் என்று எழுதியிருந்தது.

அந்த எண்ணை மறைத்துக்கொள்ளத் திரும்பி நிற்கப் பார்த்தது மைல்கல். முடியவில்லை.

அவள் குழந்தையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு நடக்கத் தொடங்கினாள்.