தோகை விரிக்கும் பில் மெஷின்

நரிக்கு ஏழு ஊரில் ஊத்தப்பக் கடை. அதற்கு பில் மெஷின் விற்க மயில் வந்தது.

"வெங்காயம் வேண்டாம்னா இதுல எங்க அமுக்கணும்?" என்று கேட்டது கல்லாவில் நிற்கும் குரங்கு.

மயில் மெஷினைத் தட்டியது. திரையில் தோகை விரிந்தது. நரி சொக்கிப்போய் ஏழு வாங்கி, மெஷின் அடித்துத் தரும் சீட்டில் இருப்பதைத்தான் அடுப்படியில் சுட வேண்டும் என்று உத்தரவும் போட்டது.

மறுநாள் அமாவாசை. வரிசையில் நின்ற அத்தனை பேரும் வெங்காயம் இல்லாத ஊத்தப்பம் கேட்டார்கள். குரங்கு எதை அமுக்கினாலும் தோகைதான் விரிந்தது.

"மெஷினை மாத்திரலாம் முதலாளி."

"உனக்கென்ன தெரியும்?" என்ற நரி, வெங்காயம் சாப்பிடாதவர்கள் வர வேண்டாம் என்று பலகை மாட்டச் சொன்னது.

குரங்கு மாட்டிவிட்டு வந்தபோது கடையில் ஈ காக்கை இல்லை.

"பாத்தியா, அவ்வளவு பெரிய வரிசையை ஒரு நிமிஷத்துல முடிச்சிருச்சு" என்று மெஷினைத் தடவிக் கொடுத்தது நரி.